மார்கழி இளைப்பும் ஒரு சொட்டு ரத்தமும்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கியதும் காவிரியின் கடைமடையில் ஒரு கூட்டம் ஆஸ்பத்திரிகளை நோக்கி நகரத் தொடங்கும். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஆண்களில் பலருக்கு முப்பது, நாற்பது வருஷத்துப் பீடிப் பழக்கம். பெண்களில் பலர் பீடியைக் கையால் தொட்டதில்லை. ஆனால் விறகும் வறட்டியும் புகைந்த அடுப்படியில் அதே முப்பது, நாற்பது வருஷத்தைக் கழித்தவர்கள். படியேறினால் மூச்சு வாங்கும், படுத்தால் இருமல் வரும், விடியற்காலையில் சளி தொண்டையை அடைக்கும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று மருத்துவ நூல்கள் இதைச் சொல்கின்றன. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘சிஓபிடி’ என்று இருக்கும்.

அந்தக் கடைமடையில் காரைக்கால் ஒரு சிறிய நிலம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சி. இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு துண்டு. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2011 கணக்கெடுப்பின்படி 2,00,222 மக்கள், மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே வங்கக்கடல். அளவுக்கு மீறிய மருத்துவ வசதி இந்த ஊருக்கு உண்டு. அரசு பொது மருத்துவமனையும் தனியார் மருத்துவக் கல்லூரியும் இருக்க, 2016இல் ஜிப்மரின் கிளையும் வந்து சேர்ந்தது. நிரவி, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினத்து நோயாளிகளோடு எல்லை தாண்டி நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமத்தாரும் இங்கே வருகிறார்கள். 2009 முதல் இயங்கும் துறைமுகத்தின் நிலக்கரித் தூசி பற்றி வாஞ்சூர், நாகூர் மக்களுக்கு நெடுநாள் குறை ஒன்றும் உண்டு. இந்த அத்தியாயம் அந்த வழக்குக்குள் போகவில்லை. நோய் வந்துவிட்டவர்களுக்கு மார்கழியில் என்ன நடக்கிறது என்பதே இதன் பொருள்.

அவர்கள் எண்ணிக்கை குறைவல்ல. 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான கணக்கின்படி, இந்தியாவில் 1990இல் 2.81 கோடிப் பேருக்கு இருந்த சிஓபிடி 2016இல் 5.53 கோடிப் பேருக்கு இருந்தது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 2.44 பேருக்கு நோய் இருந்தது. அடுப்படியில் அதிக நேரம் செலவிட்டவர்களிடம் விகிதமும் கூடியிருந்தது.

இந்த நோய் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. சில வாரம் அடங்கிக் கிடக்கும்; பிறகு இரண்டு மூன்று நாளில் இளைப்பு இரட்டிப்பாகும், சளி பெருகும், இன்ஹேலர் பலிக்காது. இப்படிப்பட்ட சீற்றங்கள்தான் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகின்றன. ஒவ்வொரு சீற்றமும் நுரையீரலின் மீதமுள்ள வலுவில் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகும். ஏறக்குறைய பாதிச் சீற்றங்களில்தான் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு. மற்றவை வைரஸால் வரலாம், புகையால் வரலாம், குளிரால் வரலாம். வாசலில் மூச்சுத்திணறலோடு உட்கார்ந்திருப்பவர் எந்தப் பாதியைச் சேர்ந்தவர்? மருத்துவருக்கு அதைத் தீர்மானிக்கப் பத்து நிமிஷம்கூடக் கிடைப்பதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் ஆன்டிபயாடிக்கை எழுதிவிடுவார். அவர் எழுதாவிட்டால் மருந்துக் கடைக்காரர் கொடுத்துவிடுவார்.

சளியைப் பார்த்தே சொல்லிவிட முடியாதா? ஓரளவு முடியும். 1987இல் கனடாவின் வின்னிபெக் நகரத்து மருத்துவர் நிக்கலஸ் ஆன்தொனிசனும் அவருடைய சகாக்களும் 173 நோயாளிகளிடம் ஏற்பட்ட 362 சீற்றங்களைப் பின்தொடர்ந்தார்கள். ஆன்டிபயாடிக் பெற்றவர்களில் 68 சதவீதம் தேறினார்கள். வெறும் மாத்திரை பெற்றவர்களில் 55 சதவீதம். மூச்சுத்திணறல் கூடுவது, சளி கூடுவது, சளி சீழ்போல் மாறுவது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தவர்களுக்கே மருந்தின் பயன் தெளிவாகத் தெரிந்தது. 2000ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரத்து ராபர்ட் ஸ்டாக்லி சளியின் நிறத்தை எடுத்துக்கொண்டார். பச்சைச் சளியில் 84 சதவீதம் பாக்டீரியா வளர்ந்தது, வெள்ளைச் சளியில் 38 சதவீதம். பச்சை நிறம் பாக்டீரியாவுக்குச் சொந்தமானதல்ல. அதோடு போரிட வந்து மடிந்த வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம் அது.

ஆனால் வெள்ளைச் சளியிலும் 38 சதவீதம் வளர்ந்ததே, அங்கேதான் சிக்கல். சிஓபிடி நோயாளியின் மூச்சுக்குழாயில் நல்ல நாளிலும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும். கல்ச்சர் அனுப்பி இரண்டு நாள் காத்திருந்து பெயரைத் தெரிந்துகொண்டாலும், இன்றைய கலகத்துக்கு அதுதான் காரணமா, அல்லது பழைய குடித்தனக்காரரா என்பது தெரியாது. அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் சஞ்சய் சேத்தியும் டிமோத்தி மர்ஃபியும் 81 நோயாளிகளின் சளியை மாதாமாதம் சேகரித்து, பாக்டீரியாக்களின் மரபணு அடையாளத்தை ஒப்பிட்டார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில், புதிய ரகம் ஒன்று குடியேறியிருந்த வருகைகளில் 33 சதவீதம் சீற்றமாக இருந்தன. புதிய ரகம் இல்லாத வருகைகளில் 15.4 சதவீதம்தான். அழகான ஆய்வு. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குக் காரைக்கால் அவசரப் பிரிவில் நிற்கும் பயிற்சி மருத்துவருக்கு இதனால் உடனடி உதவி எதுவும் இல்லை.

சளி இப்படிக் குழப்புவதால்தான் மருத்துவம் ரத்தத்தைத் திரும்பிப் பார்த்தது. நம் நாட்டில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1940இல், அன்றைய சென்னை மாகாணத்தின் மதனப்பள்ளிக் காசநோய் சானடோரியத்தில் டென்மார்க்கைச் சேர்ந்த ஃப்ரிமோட்-மொல்லர், பார்ட்டன் என்ற சகாவோடு சேர்ந்து ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். காசநோய் என்று நினைத்து அனுப்பப்பட்ட சிலருக்கு எக்ஸ்ரேயில் நிழல் இருந்தது, இருமல் இருந்தது, காசநோய்க் கிருமி மட்டும் இல்லை. அவர்கள் ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு மிதமிஞ்சி இருந்தது. பின்னாளில் அந்த நோய்க்கு யானைக்கால் புழுவோடு உறவு இருப்பது தெரிந்தது. ‘ஈஸ்னோபீலியா’ என்ற சொல் தமிழ் வீடுகளில் சர்வசாதாரணமாகப் புழங்குவதற்குப் பின்னால் இந்த நோய் இருக்கிறது. நுரையீரல் வழக்கில் ரத்தத்தின் சாட்சி எடுபட்ட பழைய இந்திய உதாரணங்களில் இது ஒன்று.

ரத்தத்தின் இன்னொரு சாட்சியான சிஆர்பி அதற்கும் பத்து வருஷம் மூத்தது. 1930இல் நியூயார்க் ராக்கெஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தநீரை நியூமோகாக்கஸ் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த ‘சி’ என்ற சர்க்கரைப் பொருளோடு கலந்தார்கள். திரிந்து படிந்தது. நோய் முற்றியிருந்தபோது திரிந்த ரத்தம், நோயாளி தேறியபின் திரியவில்லை. அந்த வினையை நிகழ்த்திய புரதம்தான் சி-ரியாக்டிவ் புரோட்டீன். முதலில் அது நிமோனியாவுக்கே உரியது என்று தோன்றியது. பிறகு பார்த்தால் மூட்டுவாதத்தில் கூடியது, அறுவைச் சிகிச்சைக்குப் பின் கூடியது, மாரடைப்பிலும் கூடியது. உடலில் எங்கே அழற்சி எழுந்தாலும் செய்தி கல்லீரலுக்குப் போகும், கல்லீரல் இந்தப் புரதத்தைக் கொட்டும். ஆறு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி இரண்டு நாளில் உச்சம் தொடும். தூண்டுதல் நின்றால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.

தெருநாய் குரைத்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்பது தெரியும். வந்தவர் திருடனா, தபால்காரரா என்பதைக் குரைப்பு சொல்லாது. சிஆர்பியும் அப்படித்தான். 2020, 2021இல் கொரோனா வந்தபோது டி-டைமர், ஃபெரிட்டின் ஆகியவற்றோடு சிஆர்பியும் தமிழ்க் குடும்பங்களின் அன்றாடப் பேச்சில் கலந்தது. அப்போது பலருக்கும் நூறைத் தாண்டிய எண் வந்தது. அது வைரஸ் நோய். சிஆர்பி உயர்ந்தாலே பாக்டீரியா என்ற எண்ணம் அன்றே கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை.

ஆனால் குரைக்காமல் இருப்பதும் தகவல்தான். பரிசோதனையின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. பிரிட்டனில் கிறிஸ்டோபர் பட்லர் தலைமையில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 86 குடும்ப மருத்துவ நிலையங்களில் 653 சிஓபிடி நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2019இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்தது. ஒரு பாதியினருக்கு விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சில நிமிஷங்களில் சிஆர்பி பார்த்தார்கள். மருத்துவருக்குக் கொடுத்த வழிகாட்டுதல் எளிமையானது. லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆன்டிபயாடிக்கால் பயனிருக்க வாய்ப்பில்லை. 20 முதல் 40 வரை இருந்தால் சளியின் நிறத்தைப் பாருங்கள், சீழ்ச்சளி என்றால் கொடுக்கலாம். 40க்கு மேல் என்றால் பயனிருக்கக்கூடும். இறுதித் தீர்ப்பு மருத்துவருடையது. நான்கு வாரத்துக்குள் ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள் பரிசோதனை இல்லாத தரப்பில் 77.4 சதவீதம், பரிசோதனை செய்த தரப்பில் 57 சதவீதம். மருந்து குறைந்ததால் நோயாளிகளின் நிலை மோசமாகவில்லை.

இந்த எண்களை அப்படியே நம்மூர் லேப் சீட்டின் மேல் வைக்க முடியாது. சில சிறிய லேப்களில் சிஆர்பி என்றால் இன்னும் லேடெக்ஸ் ஸ்லைடு முறைதான். கண்ணாடித் தகட்டில் ரத்தநீரைக் கலக்கி, திரண்டால் ‘பாசிட்டிவ்’, திரளாவிட்டால் ‘நெகட்டிவ்’. திரள்வதற்கான எல்லை பொதுவாக லிட்டருக்கு 6 மில்லிகிராம். சிஓபிடி நோயாளிக்கு நல்ல நாளிலேயே சிஆர்பி சற்று உயர்ந்திருப்பது சகஜம். ஆகவே சீற்றம் இல்லாதபோதும் அவருக்கு ‘பாசிட்டிவ்’ வரலாம். 20, 40 என்ற கோடுகளுக்கு அந்தச் சீட்டில் இடமே இல்லை. எண் கொடுக்கும் லேப்களில் வேறொரு பொறி இருக்கிறது. சிலர் லிட்டர் கணக்கில் தருகிறார்கள், சிலர் டெசிலிட்டர் கணக்கில். ‘4’ என்று இருப்பது ஒரு சீட்டில் சாதாரணம், இன்னொரு சீட்டில் 40. நோயாளி கையில் இரண்டு சீட்டையும் வைத்துக்கொண்டு, போன வாரத்தைவிடக் குறைந்துவிட்டது என்று நிம்மதியடைந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

வெள்ளணு எண்ணிக்கையைச் சொல்லும் டோட்டல் கவுன்ட்டிலும் இதே மாதிரி ஒரு குழி உண்டு. இளைப்புக்காரர் பெரும்பாலும் ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். ஸ்டீராய்டு, நாளச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் வெள்ளணுக்களை ரத்தத்துக்குள் தள்ளிவிடும். கவுன்ட் பதினைந்தாயிரத்தைத் தொட்டிருக்கும், கிருமி எதுவும் இருக்காது. அதைப் பார்த்து ஊசி போட ஆரம்பிப்பது அன்றாட நிகழ்ச்சி.

சிஆர்பியைவிடக் கூர்மையான சாட்சி ஒன்றைப் பாரிஸ் கொடுத்தது. தைராய்டு சுரப்பி கால்சிட்டோனின் என்ற ஹார்மோனைச் செய்யும்போது, அதற்கு முந்தைய வடிவமாக 116 அமினோ அமிலங்கள் கொண்ட புரோகால்சிட்டோனின் உருவாகிறது. ஆரோக்கியமானவர் ரத்தத்தில் அது இருப்பதே தெரியாது. 1993இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தொற்றுச் சந்தேகமுள்ள 79 குழந்தைகளின் ரத்தத்தில் அதை அளந்து லான்செட்டில் எழுதினார்கள். கடுமையான பாக்டீரியா தொற்று உள்ள குழந்தைகளிடம் அது பல நூறு மடங்கு ஏறியிருந்தது. வைரஸ் தொற்று உள்ளவர்களிடம் பெரிதாக ஏறவில்லை. தைராய்டு அகற்றப்பட்டவர்களுக்கும் ஏறுவது தெரிந்தபோதுதான், பாக்டீரியா தாக்கினால் உடலின் பல திசுக்களும் இதைக் கொட்டுகின்றன என்பது புரிந்தது. வைரஸ் தொற்றில் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா அந்த உற்பத்தியை அடக்கிவைக்கிறது. சிஆர்பிக்கு இல்லாத இந்தக் கடிவாளம்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் இதைக் கையில் எடுத்தது. அங்கே 2004இல் 243 நுரையீரல் தொற்று நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையில் 83 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாடிக் போனது. புரோகால்சிட்டோனின் பார்த்து முடிவெடுத்த தரப்பில் 44 சதவீதம். 2007இல் டயானா ஷ்டோல்ஸ் குழு சிஓபிடி சீற்றத்தோடு வந்த 208 பேரை மட்டும் எடுத்துக்கொண்டது. 72 சதவீதம் 40 ஆகக் குறைந்தது; நோயாளிகளுக்குக் கேடு எதுவும் தெரியவில்லை. விடை கிடைத்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள்.

பிறகு அமெரிக்காவின் 14 மருத்துவமனைகளில், 1,656 பேரோடு பெரிய ஆய்வு நடந்தது. 2018இல் முடிவு வந்தது. ஆன்டிபயாடிக் எடுத்த நாள்கள் ஒரு தரப்பில் சராசரி 4.2, மறு தரப்பில் 4.3. சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு பிரான்சின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 302 கடுமையான சிஓபிடி நோயாளிகளிடம் நடந்த ஆய்வு கவலையே தந்தது. மூன்று மாதத்துக்குள் புரோகால்சிட்டோனின் தரப்பில் 20 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், மறு தரப்பில் 14 சதவீதம். வரும்போதே ஆன்டிபயாடிக்கில் இல்லாதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 31க்கு 12. வெண்டிலேட்டர் வாசலில் நிற்கும் நோயாளிக்கு, எண் குறைவாக இருக்கிறது என்று மருந்தை நிறுத்திவைப்பது விஷப்பரீட்சை. 2021இன் உலகளாவிய செப்சிஸ் வழிகாட்டுதலும் ஆன்டிபயாடிக் தொடங்குவதைத் தீர்மானிக்க இந்தப் பரிசோதனையைச் சார்ந்திருக்க வேண்டாம் என்றே சொல்கிறது. தொடங்கிய மருந்தை எப்போது நிறுத்தலாம் என்பதற்கு இந்தப் பரிசோதனை உதவும்.

இந்த சிஆர்பி, புரோகால்சிட்டோனின் ஆய்வுகள் எல்லாம் குளிர்நாடுகளில் நடந்தவை என்பதை மறக்கக் கூடாது. கடைமடை நுரையீரலுக்கு வேறு விருந்தாளிகள் உண்டு. முதலாவது காசநோய். அதுவும் பாக்டீரியாதான், ஆனால் நுரையீரல் காசநோயில் சிஆர்பி பெரும்பாலும் ஏறும், புரோகால்சிட்டோனின் பல நேரம் தாழ்ந்தே கிடக்கும். தாழ்ந்த எண்ணைப் பார்த்து ‘வைரஸ்தான்’ என்று அனுப்பிவிட்டால் காசநோயாளி வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளோடு படுப்பார். உயர்ந்த சிஆர்பியைப் பார்த்து லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதினாலும் ஆபத்து குறைவதில்லை. அந்த மருந்து காசநோய்க் கிருமியைக் கொஞ்சம் அமுக்கிவைக்கும், இருமல் தற்காலிகமாகக் குறையும், கண்டுபிடிப்பு வாரக்கணக்கில் தள்ளிப்போகும். பழைய இளைப்புக்காரருக்கு இரண்டு வாரம் தாண்டியும் இருமல் மாறி ஒலித்தால், எந்த ரத்த எண்ணும் சளிப் பரிசோதனைக்கு மாற்றாகாது.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மழையை ஒட்டித் தலைகாட்டும் ஸ்க்ரப் டைபஸ் இன்னொன்று. புதர்ப் பூச்சி கடித்து வரும் இந்தக் காய்ச்சல் நுரையீரலையும் பிடிக்கும். புரோகால்சிட்டோனின் ஏறும். ஆனால் வழக்கமான நிமோனியாவுக்குக் கொடுக்கும் பென்சிலின் வகையறா அதைத் தொடாது, டாக்சிசைக்ளின் வேண்டும். மலேரியாவிலும் இந்த எண் ஏறும். அறுவைச் சிகிச்சை, தீக்காயம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றிலும் ஏறும்.

மதனப்பள்ளியின் ஈசினோஃபிலும் இப்போது புதிய வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது. 2011இல் மோனா பஃபாடெல் குழு 145 பிரிட்டன் நோயாளிகளின் சீற்றங்களைப் பிரித்தபோது பாக்டீரியா வகை, வைரஸ் வகை, ஈசினோஃபில் வகை, அழற்சி அதிகம் காட்டாத வகை என்று நான்கு தனித்தனியாகத் தெரிந்தன. ரத்தத்தில் ஈசினோஃபில் 2 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு கேட்கும் சீற்றம் என்று ஊகிக்கலாம் என்பது அதிலிருந்து வளர்ந்த யோசனை. கடைமடையில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது சரியல்ல. குடற்புழு இருந்தாலும், யானைக்கால் புழு இருந்தாலும் இந்த அணு கூடும். பிரிட்டன் ஆய்வாளர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. போதாக்குறைக்கு, ஸ்டீராய்டு ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் ஈசினோஃபில் சட்டென்று மறைந்துவிடும்.

காரைக்கால் அளவிலான ஓர் ஊருக்கு எது தேவை என்று கேட்டால், பதில் விலையுயர்ந்த புரோகால்சிட்டோனின் அல்ல. சிஆர்பியைவிடப் பல மடங்கு செலவு வைத்து, சாதாரண சிஓபிடி சீற்றத்தில் அதைவிடப் பெரிதாக எதையும் அது சாதித்துவிடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேஜையிலேயே எண்ணாக விடை தரும் சிஆர்பி, சளியை ஒரு டப்பாவில் துப்பச் சொல்லிக் கண்ணால் பார்க்கும் பழக்கம், காசநோய்க்கான சளிப் பரிசோதனை. இவை மூன்றும் ஒரே வருகையில் நடந்தால் தேவையில்லாத ஆன்டிபயாடிக்கில் கணிசமான பங்கைத் தவிர்த்துவிடலாம். எதிர்ப்பு பெற்ற கிருமிகளைப் பற்றி 2012இல் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்ட பகுதியில், இதற்கு இன்னொரு மாநாடு தேவைப்படாது.

நோயாளியின் வீட்டார் செய்யக்கூடியதும் உண்டு. அடுத்த முறை இளைப்பு முற்றி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பழைய லேப் சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். அலகு லிட்டரா, டெசிலிட்டரா என்று பாருங்கள். சளி எந்த நாளிலிருந்து பச்சையானது என்பதையும், வீட்டில் ஸ்டீராய்டு மாத்திரை எத்தனை போட்டீர்கள் என்பதையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மருந்துக் கடையில் வாங்கி இரண்டு வேளை போட்டு நிறுத்திய ஆன்டிபயாடிக் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச்சு தடுமாறினாலோ, தூக்கக் கலக்கம் வந்தாலோ லேப் சீட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவுக்கு நேராகப் போய்விடுங்கள்.